தாத்தாவின் கார், தொலைந்த பேப்பர்: தென்னாப்பிரிக்காவில் பழைய வண்டியை மறுபடி பதிவுக்குக் கொண்டுவருவது

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் என்று டர்பனைச் சுற்றியுள்ள எந்த இந்தியக் குடியிருப்புக்குப் போனாலும், ஏதோ ஒரு வீட்டின் பின்புறத்தில் கித்தான் போர்த்திய கார் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். அது டட்சன் 1200 பக்கியாக (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) இருக்கலாம், ஃபோர்டு கோர்ட்டினாவாக இருக்கலாம். இசிப்பிங்கோவை ஒட்டிய ப்ராஸ்பெக்டன் ஆலையில் நம் ஆட்களின் கைபட்டு வெளிவந்த டொயோட்டா கொரோலாவாகவும் இருக்கலாம். சக்கரங்களில் காற்று போயிருக்கும், இருக்கை கிழிந்திருக்கும், ஆனால் உடல் இன்னும் உறுதியாக நிற்கும். பேரனுக்கு அதை ஓடவைக்க ஆசை வரும். மெக்கானிக்கும் முடியும் என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் பேப்பரைத் தேடுவார்கள்.

பேப்பர் தொலைய ஆயிரம் காரணம் உண்டு. வீடு மாறியபோது போயிருக்கும். கடன் கொடுத்த கம்பெனியிடமே தங்கியிருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் எத்தனையோ வீடுகளில் பிறப்புச் சான்றிதழிலிருந்து வீட்டுப் பத்திரம்வரை சேற்றோடு போயின. கார் பேப்பர் எந்த மூலைக்கு?

இந்த இடத்தில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "டூப்ளிகேட் பேப்பர் எங்கே வாங்கலாம்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வண்டி சட்டப்படி இன்று யாருடையது? அதற்குப் பதில் கையில் இருந்தால் பேப்பர் தானாக வரும். இல்லாவிட்டால் எத்தனை கவுன்டரில் நின்றாலும் வராது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

பதிவேடு சொல்வதும் சட்டம் சொல்வதும்

தென்னாப்பிரிக்காவில் வண்டிப் பதிவு 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும், அதையொட்டி 2000-இல் வந்த விதிகளின் கீழும் நடக்கிறது. நாடு முழுவதற்குமான கணினிப் பதிவேட்டின் பெயர் ஈ-நாட்டிஸ். 2007 முதல் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. நாம் சாதாரணமாகப் பேப்பர் என்று சொல்வது, இந்தப் பதிவேட்டிலிருந்து அச்சிட்டுத் தரும் ஆர்.சி.1 என்ற பதிவுச் சான்றிதழைத்தான்.

பதிவேட்டில் ஒரு வண்டிக்கு இரண்டு பொறுப்பாளர்கள் உண்டு. டைட்டில் ஹோல்டர் ஒருவர், ஓனர் மற்றொருவர். கடனில் வாங்கிய காருக்கு வங்கி டைட்டில் ஹோல்டர், வண்டியை வைத்து ஓட்டுபவர் ஓனர். கடன் அடைந்ததும் இரண்டும் ஒரே பெயருக்கு வரும். ஆர்.சி.1 டைட்டில் ஹோல்டருக்கு மட்டுமே உரியது. தொலைந்தால் அதன் நகலையும் அவர்தான் கேட்க முடியும்.

ஆனால் நாட்டின் பொதுச் சட்டத்தில் கார் ஓர் அசையும் பொருள். கொடுப்பவர் உரிமையை விட்டுக்கொடுக்கும் எண்ணத்தோடு கொடுத்து, வாங்குபவர் அதே எண்ணத்தோடு வாங்கிக்கொண்டால் உரிமை கைமாறிவிடும். பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்கு ஒரு சான்று, அதுவே முடிவான சான்று ஆகாது. ஆகவே பெயர் இல்லாமலே உரிமை இருக்கலாம். உரிமை போன பிறகும் பெயர் மட்டும் தங்கலாம். கவுன்டரில் இருப்பவர் பதிவேட்டைத்தான் பார்ப்பார், அதற்குமேல் பார்க்க அவருக்கு அதிகாரமும் இல்லை. பழைய கார்க்காரர்களின் அலைச்சல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

சுலபமான நிலை எது என்றால், டைட்டில் ஹோல்டர் உயிரோடு இருக்கிறார், அவரே போய்க் கேட்கிறார். அடையாள அட்டை, முகவரிச் சான்று, பேப்பர் தொலைந்ததைச் சொல்லும் அஃபிடவிட், கட்டணம், உரிய விண்ணப்பம். அவ்வளவுதான். பதிவேட்டில் இன்னும் வங்கியின் பெயரே இருந்தால், கடன் தீர்ந்துவிட்டது என்று அந்த வங்கியிடம் கடிதம் வாங்க வேண்டும். வங்கி இப்போது இல்லையே என்று கைவிட வேண்டாம். யுனைடெட், அல்லைடு, ஃபோக்ஸ்காஸ் மூன்றும் 1991-இல் அப்சாவுக்குள் கலந்தன. இப்படி மறைந்துபோன பெயர்கள் பலவற்றுக்கும் இன்று ஒரு வாரிசு நிறுவனம் இருக்கிறது.

முதலில் இரும்பைப் படியுங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் செய்ய வேண்டிய வேலை வீட்டிலேயே இருக்கிறது. முன் கண்ணாடியில் பழைய லைசென்ஸ் டிஸ்க் (வண்டிக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டியதைக் காட்டும் வட்டச் சீட்டு) ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல் படம் எடுங்கள். அதில் வண்டியின் எண், சேசிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றோடு, பதிவேட்டு எண் என்று ஒன்றும் இருக்கும். நம்பர் பிளேட் மாறலாம், மாகாணம் மாறலாம். பதிவேட்டு எண் அந்த வண்டியோடேயே இருக்கும். டிஸ்க் மங்கிப்போயிருந்தால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். மல்லிகைச் சரம் கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி நிற்கும் காரின் முன்பக்கத்தில் என்.டி. என்று தொடங்கும் டர்பன் பிளேட் தெளிவாகத் தெரியும். தேட அதுவும் ஒரு பிடி. அந்தப் படம் இன்னொரு விதத்திலும் உதவும், பின்னால் சொல்கிறேன்.

அடுத்து உலோகத்தில் பொறித்த எண்கள். 17 எழுத்துள்ள வின் எண் எனும் வண்டி அடையாள எண் 1981-ஐ ஒட்டித்தான் உலகில் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்திய கார்களில் அதைவிடக் குட்டையான சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் மட்டுமே இருக்கும். டர்பனின் கடற்காற்றில் அவை துருவேறிக் கிடக்கும். தயவுசெய்து அங்கே கிரைண்டரோ உப்புத்தாளோ போடாதீர்கள். துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். மங்கிய எண்ணைப் போலீஸ் நிபுணர்கள் அமிலம் பூசி வெளியே கொண்டுவருவார்கள். தேய்த்து அழித்த எண்ணைக் கண்டால் அவர்களுக்குத் திருட்டு வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். பெயின்ட், வெல்டிங், தகடு மாற்றுவது எல்லாமே போலீஸ் சோதனைக்குப் பிறகு இருக்கட்டும். முதலில் உடலைப் பளபளப்பாக்கி, அதில் எண் பொறித்த தகட்டையே மாற்றிவிட்டு, பிறகு சோதனைக்குக் கொண்டுபோவது மிக வேதனையான தவறு.

என்ஜின் எண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. டட்சன் 1200-க்குள் நிசான் 1400 பக்கியின் என்ஜினை இறக்குவது இங்கே அன்றாட வேலை. மாற்றியவர் பதிவேட்டில் சொல்லியிருக்க மாட்டார். அப்படியானால் அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ரசீது அல்லது அஃபிடவிட் வேண்டும். ஸ்க்ராப்யார்டில் வாங்கியது என்றால் அங்கே கேட்டுப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகச் சட்டப்படி இந்தத் தொழிலில் இருப்பவர்கள் போலீஸிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கிய, விற்ற விவரத்தை எழுதி வைத்திருக்கவும் வேண்டும்.

எண்கள் கையில் இருந்தால் வண்டி பதிவேட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கலாம். நான்கு ஆண்டுகள் லைசென்ஸ் புதுப்பிக்காத வண்டி பதிவிலிருந்து நீக்கப்படும் என்பது விதி. கித்தானுக்கு அடியில் 15 வருடம் நின்ற கார் அநேகமாக அந்த நிலையில்தான் இருக்கும். அதற்கு நகல் பேப்பர் என்ற பேச்சே இல்லை. போலீஸ் சோதனை, ரோட்வர்த்தி (சாலையில் ஓடத் தகுதி) சோதனை எல்லாம் முடித்து மறுபதிவுதான் செய்ய வேண்டும். பதிவில் இன்னும் உயிரோடு இருக்கும் வண்டி என்றால் பாக்கி லைசென்ஸ் கட்டணமும் அபராதமும் சேர்ந்திருக்கும். அபராதம் மாதத்துக்குக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்காக ஏறும்.

பழைய உரிமையாளர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று கவுன்டரில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு வீச்சில் அமலில் இருக்கிறது. அதை வைத்து அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. உங்கள் விவரத்தையும் அதே சட்டம்தான் காக்கிறது.

பெயரில் இருப்பவர் இறந்துவிட்டால்

நம் குடும்பங்களில் அதிகம் நடப்பது இதுதான். தாத்தா பெயரில் கார். தாத்தா போய்விட்டார். கருமாதி முடிந்ததும் சாவி பெரிய மகன் கைக்குப் போய்விட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாரும் எழுதியும் வைக்கவில்லை. இப்போது பேரன் அஃபிடவிட்டோடு கவுன்டரில் நிற்கிறான். அந்த அஃபிடவிட் அங்கே செல்லாது. இறந்தவரின் சொத்தைத் தொட, 1965-ஆம் ஆண்டின் மரணச் சொத்து நிர்வாகச் சட்டப்படி உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். குவாசூலு-நட்டாலில் அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் டர்பனிலும் இருக்கிறது.

மொத்தச் சொத்து 2,50,000 ரேண்டுக்குள் இருந்தால் வழி எளிது. எக்ஸிகியூட்டர் (இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர்) நியமனம் என்ற முழுச் சடங்கு வேண்டாம்; அதிகாரக் கடிதம் ஒன்றே போதும். மரணச் சான்றிதழ், வாரிசுகள் விவரம், சொத்துப் பட்டியல் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலில் காரை மறக்காமல் எழுதுங்கள். வீட்டையும் வங்கிக் கணக்கையும் எழுதிவிட்டு, ஓடாத கார்தானே என்று அதை விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாத சொத்துக்கு அந்தக் கடிதத்தைக் காட்ட முடியாது. பல வருடம் முன்பே முடித்துவிட்ட கணக்கு என்றாலும், விட்டுப்போன சொத்து இருப்பதைச் சொல்லி மாஸ்டர் அலுவலகத்தை மறுபடி அணுகலாம்.

யாருக்குப் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உயில் இல்லாவிட்டால் 1987-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். துணையும் பிள்ளைகளும் இருந்தால், ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ரேண்ட், இதில் எது அதிகமோ அது துணைக்கு. இந்தத் தொகை 2014 நவம்பரில்தான் இந்த அளவுக்கு உயர்ந்தது, அதற்கு முன் 1,25,000. அப்படியென்றால் சின்னச் சொத்துள்ள குடும்பத்தில் அந்தக் கார் சட்டப்படி ஆயாவுடையது, அதாவது தாத்தாவின் மனைவியுடையது. பெரிய மகனுடையதும் இல்லை, சாவி வைத்திருக்கும் பேரனுடையதும் இல்லை. ஆயா மனமுவந்து கொடுத்தால் பேரனுக்கு வரலாம். ஆனால் அவர் கையெழுத்து முதலில் வர வேண்டும். அவரைக் கேட்காமலே அவர் பொருளைப் பங்குபோடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆயாவின் கல்யாணம் பதிவு செய்யப்படாததாக இருந்தால்? கோவிலில் தாலி கட்டி, சிவில் பதிவு இல்லாமலே வாழ்ந்து முடித்த தலைமுறை நம்முடையது. அந்தப் பெண்களைச் சட்டம் நெடுங்காலம் மனைவி என்றே ஏற்கவில்லை. 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் கோவெண்டர் எதிர் ரகவய்யா வழக்கில், ஒருதார இந்துத் திருமணத்தில் கணவனை இழந்தவரும் வாரிசுரிமைச் சட்டத்தின் கண்ணில் மனைவியே என்று தீர்ப்புக் கொடுத்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் சமூகத்துப் பெண். ஒரு பழைய காருக்காக மாஸ்டர் அலுவலகம் போகும் ஆயாவுக்கும் அந்தத் தீர்ப்பு துணை நிற்கிறது. கல்யாணப் படம், அழைப்பிதழ், புரோகிதர் அல்லது உறவினரின் அஃபிடவிட் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். ஒரே தகப்பன் பிள்ளைகளில் ஒருவர் கோவெண்டர், மற்றவர் கோவிந்தசாமி என்று பதிவாகியிருப்பது நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்து எழுத்தர்கள் சிலருக்குத் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். அடையாள எண்ணும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இனவெறி ஆட்சிக் காலத்தில் அந்த எண்ணுக்குள்ளேயே இனக் குறியீடு இருந்தது. 1986-இல் சட்டம் மாறியபோது எண்களின் கடைசி இலக்கங்களும் மாறின. அதற்கு முந்திய காகிதங்களில் தாத்தாவின் எண் வேறாக இருந்தால் திகைக்க வேண்டாம். இருவரும் ஒருவரே என்று உள்துறை அலுவலகத்தில் சான்று வாங்கலாம்.

விற்றவரைக் காணவில்லை என்றால்

ரொக்கம் கொடுத்து வாங்கிய கார், பெயர் மாற்றவே இல்லை, விற்றவர் எங்கே போனாரோ தெரியாது. கைமாறி வந்த உரிமை உங்களுக்கு இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில். பழைய ரசீது, சாட்சி, இன்சூரன்ஸ் காகிதம், சர்வீஸ் பில் எல்லாம் உதவும். இவற்றை வைத்து உரிமையை உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை வாங்கினால், பதிவேட்டை மாற்ற அதைக் காட்டலாம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி தரும் லீகல் எய்டு சவுத் ஆப்பிரிக்காவில் கேட்டுப் பார்க்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி 1969-ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பொருளை 30 ஆண்டுகள் இடைவிடாமல், ஒளிவுமறைவின்றி, தன்னுடையது போலவே வைத்திருந்தவர் அதன் உரிமையாளர் ஆகிறார். நிலத்துக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள்; சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை, காருக்கும் பொருந்தும். நண்பர் பார்த்துக்கொள்ளச் சொல்லி நிறுத்திவிட்டுப் போன கார் இதில் சேராது, அது 40 வருடம் நின்றாலும் நண்பருடையதே. ஆண்டு தெரிந்த கல்யாணப் படம் இங்கேதான் மறுபடி உதவுகிறது: 1991-இல் அந்தக் கார் உங்கள் குடும்பத்திடம் வெளிப்படையாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அரிது.

போலீஸ் சோதனை

பதிவு நீங்கிய வண்டிக்கும், எண்களில் சந்தேகம் உள்ள வண்டிக்கும் போலீஸின் வாகன அடையாளப் பிரிவு அனுமதி வேண்டும். பலர் பயப்படும் கட்டம் இது. நேர்மையாக வந்த காருக்குப் பயமே வேண்டாம். அவர்கள் பார்ப்பது, இரும்பில் உள்ள எண்ணும் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஒன்றா, வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத்தான். எண் படிக்கவே முடியாமல் போயிருந்து, வண்டி வந்த வழியும் சரியென்று தெரிந்தால், ஏஏபிவி என்று தொடங்கும் சாப்வின் என்ற புது எண்ணை அவர்களே ஒதுக்குவார்கள். 2012 செப்டம்பர் முதல் இப்படிச் சோதனைக்குப் போகும் வண்டிகளுக்கு மைக்ரோடாட் (அடையாள எண் பொறித்த நுண்புள்ளிகள்) தெளிப்பும் கேட்கிறார்கள். பதிவில்லாத காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், லாரியில் ஏற்றிப் போங்கள்.

எண் மாறியிருந்தால் காரைப் பிடித்துவைத்துவிடுவார்களே என்ற கவலை நியாயமானது. எண்ணைத் திருத்துவது குற்றம். அப்படித் திருத்திய வண்டியைத் தகுந்த காரணமின்றி வைத்திருப்பதும் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் போலீஸுக்கும் எல்லை உண்டு. ம்தாதாவில் ஒரு டாக்ஸி உரிமையாளரின் வண்டியை வாரன்ட் இல்லாமல் கைப்பற்றிய வழக்கில், எண்கள் திருத்தப்பட்டிருந்தபோதும் அதை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2014 மே மாதம் உத்தரவிட்டது. ங்குக்கும்பா வழக்கு என்று சொன்னால் வழக்கறிஞர்களுக்குத் தெரியும். வண்டி திரும்பி வருவதால் பேப்பரும் வந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது மிகவும் முக்கியமான எச்சரிக்கை. இதே மாடலில் நொறுங்கிப்போன காரின் பேப்பர் கிடைக்கும், அந்த எண்ணை உன் வண்டியில் பொறித்துக்கொள் என்று யாராவது சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு மாமாவே சொல்லலாம். கேட்காதீர்கள். தாத்தா நேர்மையாக வாங்கிய கார் அந்த நிமிடமே திருட்டு வண்டியின் அடையாளத்துக்கு வந்துவிடும், பிறகு எந்த நீதிமன்றத்திலும் அதன் கதையைச் சொல்ல முடியாது. வண்டியின் நிலையைச் சொல்லும், கோடு என்ற குறியீட்டு எண்ணையும் பேப்பரில் பாருங்கள். கோடு 2 சாதாரணப் பழைய வண்டி, 3 மறுபடி கட்டியது, 3ஏ உதிரிபாகத்துக்கு மட்டும், 4 நிரந்தரமாக அழிக்கப்பட்டது. கோடு 4 விழுந்த வண்டி மறுபடி சாலைக்கு வராது. டர்பன் துறைமுகம் வழியாக அண்டை நாடுகளுக்குப் போகிற ஜப்பானியப் பழைய கார்களும் அப்படித்தான். சாதாரண வாங்குபவருக்கு இறக்குமதி அனுமதி கிடைக்காது, அனுமதியில்லாமல் இங்கே பதிவும் ஆகாது. பேப்பர் பிறகு வரும் என்று சொல்லி விற்பவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள். கவுன்டருக்கு வெளியே நின்று ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர்களிடமிருந்தும் அப்படியே.

எல்லாம் கைகூடினால் கடைசியில் ரோட்வர்த்தி சோதனை. அந்தச் சான்றிதழ் பதிவுக்கு 60 நாள்தான் செல்லும், ஆகவே போலீஸ் அனுமதியும் மாஸ்டர் கடிதமும் கைக்கு வந்த பிறகே அதற்குக் காரைக் கொண்டுபோங்கள். முந்திக்கொண்டால் இரண்டு தடவை பணம் கட்ட நேரும். அதன் பிறகு ஆர்.எல்.வி. படிவத்தில் பதிவும் லைசென்ஸும்.

தாத்தா உயிரோடும் வண்டி பதிவிலும் இன்னும் இருக்கும் வீடுகளுக்கு மேலே சொன்ன பாதியும் தேவையில்லை. அவரையே அழைத்துப்போய் அவர் பெயரில் நகல் ஆர்.சி.1 வாங்குங்கள். என்.சி.ஓ. படிவத்தில் வண்டி கைமாறியதை அவர் கையெழுத்தோடு தெரிவியுங்கள். அன்றிலிருந்து 21 நாளுக்குள் பேரன் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளட்டும். கார் ஓடாவிட்டாலும் முதல் இரண்டு வேலையையும் இந்த வாரமே முடிக்கலாம்.